தேவை மதிப்பெண் முப்பத்து நான்கு

தையல்காரம்மா தன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தப்பு, மகனை நன்றாக வளர்த்தது. கிண்டலுக்குச் சொல்வதில்லை இது. அரசாங்கமே முத்திரை குத்திய காகிதத்தில் எழுதி அனுப்பியது.

அவளுக்கு எழுபத்தொரு வயது. இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மெஷின், அதைச் சுற்றி அடுத்தவர் வீட்டுத் திரைச்சீலைகள், இடுப்பு பிடிக்க வேண்டிய பேண்ட்டுகள். புருஷன் போய்ச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. மகனுக்கு நாற்பத்து நான்கு. உட்காரும் முன் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவான் என்பதால் அவனுக்குத் துரை என்று பெயர் வந்தது. நிஜப் பெயர் அலுவலகக் கோப்பில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

துரைக்கு உடம்பு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை. பன்னிரண்டு வரை தடையில்லாமல் எண்ணுவான், பதிமூன்றில் நின்றுவிடுவான். மணி பார்க்கத் தெரியாது. தெருவைத் தனியாகக் கடக்க மாட்டான். அடுப்பை அவன் கண்ணில் காட்டக் கூடாது. மாதத்தில் இரண்டு மூன்று நாள், எதற்கென்று யாருக்கும் தெரியாது, தலையைச் சுவரில் மோத ஆரம்பிப்பான். அப்போதெல்லாம் சுவருக்கும் தலைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் சரியாக மடங்காது.

ஆனால் இதெல்லாம் வீட்டுக்குள்ளே இருந்த சங்கதி. வெளியே தெரிந்தது வேறு. சின்ன வயதில் அவனைப் பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சு அவளுக்கு ஆகவே ஆகாது. என் பிள்ளையைப் பார்த்து ஒருத்தரும் ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். இருபது வருடம் பாடுபட்டு அவனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாள். வாசல் மணி அடித்ததும் துரை கதவருகே போய் நிற்பான். அம்மா "திற" என்றதும் திறப்பான். கை கூப்பி வணக்கம் சொல்வான். நாற்காலியைத் துடைத்துப் போடுவான். தட்டில் தண்ணீர் டம்ளரை வைத்து ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டு வந்து நீட்டுவான். வந்தவர்கள் அசந்து போவார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவள் எத்தனை ஆயிரம் டம்ளர் தண்ணீரைத் துடைத்திருப்பாள் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

மூன்று தெரு தள்ளி ஓர் இல்லம் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் நடப்பது. எட்டு அறை, பகலுக்கு இரண்டு உதவியாளர்கள், ராத்திரிக்கு ஒருவர். துரை மாதிரியானவர்கள் அங்கே காலமெல்லாம் இருக்கலாம். பதினொரு வருடத்துக்கு முன் அதற்கு மனுப் போட்டாள். முந்நூற்று நாற்பதாவது எண் கிடைத்தது. வருடா வருடம் ஒரு கடிதம் வரும். "பொறுமையாகக் காத்திருப்பதற்கு நன்றி" என்று முதல் வரியிலேயே இருக்கும். பொறுமையாக இருக்கிறாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது என்று ஒவ்வொரு வருடமும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எண் குறைந்துகொண்டுதான் வந்தது. போன வருடம் ஒன்பது.

அந்த ஒன்பதை நம்பித்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காரணம் இருந்தது. நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் சமையலறையில் மயங்கி விழுந்தாள். கண் விழித்தபோது வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு நகர்ந்திருந்தது. அவள் மேல் போர்வை போர்த்தியிருந்தது, கழுத்துவரை ஒழுங்காக இழுத்துவிட்டு. பக்கத்தில் துரை தரையில் உட்கார்ந்திருந்தான். "அம்மா தூக்கம்" என்று மெதுவாகச் சொன்னான், சத்தம் போட்டால் எழுந்துவிடுவாளோ என்று. கீழ்வீட்டுக்காரர் திரைச்சீலை வாங்க வந்து மூன்று தடவை மணி அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா "திற" என்று சொல்லவில்லை, அதனால் துரை திறக்கவில்லை.

மருத்துவர் இதயத்தில் கோளாறு என்றார், எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரலாம் என்றார். அடுத்த தடவை எழுந்திருக்காவிட்டால்? அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, பசியோடு, எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான்? சாவுக்கு அவள் பயப்படவில்லை. அதற்குப் பிறகு வரும் அந்த நாட்களுக்குத்தான் பயந்தாள்.

இந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தவர்களை வீட்டுக்கே வந்து மறுமதிப்பீடு செய்வார்களாம். எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவு மதிப்பெண். அறுபதுக்கு மேல் இருந்தால்தான் இடம்.

மதிப்பீட்டு அலுவலர் சின்னப் பெண், நல்ல பெண். அவள் வருகிறாள் என்றதும் தையல்காரம்மா என்ன செய்தாள்? என்ன செய்வாள், விருந்தாளி வந்தால் செய்வதைத்தான் செய்தாள். வீட்டைத் துடைத்தாள். துரைக்குத் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மணி அடித்தது. "திற" என்றாள். வணக்கம் ஆயிற்று, நாற்காலி ஆயிற்று, தண்ணீரும் வந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"சட்டை பட்டனெல்லாம் அவரே போடுவாரா?"

"கடைசிப் பட்டன் வரைக்கும் அவனேதான்" என்றாள் தையல்காரம்மா. குரலில் பெருமை பொங்கியது.

"எவ்ளோ அருமையா வளத்திருக்கீங்க" என்று அந்தப் பெண் மனதாரச் சொல்லிவிட்டுப் போனாள். தையல்காரம்மா அன்று சாயங்காலம் வரை அந்த வார்த்தையை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் முத்திரைக் காகிதம் வந்தது. தேவை மதிப்பெண் முப்பத்து நான்கு. விண்ணப்பதாரர் வீட்டுச் சூழலில் சிறப்பாகச் செயல்படுகிறார். பட்டியலில் புதிய எண் நூற்று எண்பத்தேழு. பொறுமையாகக் காத்திருப்பதற்கு நன்றி.

அவள் ஆடிப்போனாள். வாரத்துக்கு ஒரு தடவை சில மணி நேரம் துரையைப் பார்த்துக்கொள்ளும் பகல்நேர மையத்தில் அவனை விடப் போனபோது கடிதத்தை ஒரு பழைய லாரி டிரைவரிடம் காட்டினாள். அவருக்கும் துரை மாதிரி ஒரு மகள்.

"என்னக்கா நீங்க, பரீட்சைக்கு வர்றவங்க முன்னாடி பிள்ளைய நல்லா எழுத வைச்சிருக்கீங்களே" என்றார். "இது ஃபெயிலானாத்தான் பாஸாகிற பரீட்சை. என் பொண்ணுக்கு எண்பத்திரெண்டு. மூணு நாள் அவளுக்குத் தலை சீவல, துணி மாத்தல. அவ அழுதுட்டே இருந்தா. அப்படியே காட்டினேன்."

"மனசு வந்துச்சாண்ணே?"

அவர் கடிதத்தை மடித்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "வரல. ஆனா இடம் வந்துச்சு, அடுத்த மாசம் அங்க போறா" என்றார். "மேல்முறையீடு போடுங்க. இருக்கிறதிலேயே மோசமான நாளைச் சொல்லுங்க. மத்ததெல்லாம் வாயே திறக்காதீங்க."

மேல்முறையீட்டுக்கு நாள் கொடுத்தார்கள், காலை பத்து மணி. மாவட்ட அலுவலகத்தை அப்போதுதான் புதுப்பித்திருந்தார்கள். வரவேற்பறையில் ஓர் ஆள் உயரத்துக்கு மீன் தொட்டி, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. நிதி இல்லை, நிதி இல்லை என்று பதினொரு வருடமாக எழுதியவர்கள் அந்த மீனுக்கெல்லாம் எந்த எண்ணில் இடம் கொடுத்தார்கள் என்று அவளுக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி, வெள்ளிக் கம்பி மூக்குக்கண்ணாடி போட்டவர். தையல்காரம்மா முதலில் கேட்டது ஒன்றுதான்.

"இவனைக் கொஞ்சம் வெளியில உக்கார வைக்கலாங்களா? இவன் முன்னாடி பேசறது கஷ்டம்."

"முடியாதும்மா. விண்ணப்பதாரர் முன்னிலையிலதான் விசாரிக்கணும்னு விதி. அது அவரோட உரிமை."

உரிமையாம். ஒரு தாய் தன் பிள்ளையின் குறைகளை வரிசையாகச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது அவனுடைய உரிமை. தையல்காரம்மா கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். டிரைவர் சொல்லச் சொல்ல எழுதியது.

"இவனுக்குத் தானா சட்டை போடத் தெரியாதுங்க. நான்தான் மாட்டிவிடணும்."

துரை திரும்பி அவளைப் பார்த்தான். "இல்ல. நானே" என்றான். சொல்லிவிட்டுச் சட்டையின் பட்டனைக் கழற்றினான். மேலிருந்து கீழே கடைசி வரைக்கும். பிறகு கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போட்டான். நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்க்க, அத்தனை கவனமாக. மூன்று பேரும் காத்திருந்து பார்த்தார்கள். வலப்பக்கம் இருந்தவர் எதையோ எழுதினார்.

"எண்ணத் தெரியாதுங்க."

"ஒண்ணு" என்று ஆரம்பித்தான் துரை. பன்னிரண்டுக்கு வந்து நின்றான். தையல்காரம்மாவின் உதடு அவளைக் கேட்காமலே பதிமூணு என்று அசைந்தது. "பதிமூணு" என்றான் துரை வெற்றியோடு. வலப்பக்கத்தவர் மறுபடி எழுதினார்.

அவளுக்கு வியர்த்தது. காகிதத்தில் எழுத்துகள் கலங்கின. "தாகம் எடுத்தாக்கூட, தானா தண்ணி எடுத்துக் குடிக்க மாட்டான்" என்றாள்.

துரை எழுந்தான். மேசை மேல் கண்ணாடி ஜாடி இருந்தது, கவிழ்த்து வைத்த டம்ளர்கள் இருந்தன. மூன்றை நிமிர்த்தி ஊற்றி ஆளுக்கு ஒன்றாக மூன்று பேர் முன்னாலும் வைத்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தலைவி, பாவம், யோசிக்காமல் எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு அவரும் எழுதினார்.

துரை திரும்பி வந்து நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தான். அம்மாவின் பக்கம் குனிந்து, "அம்மா, பொய் சொல்லக் கூடாது" என்றான். அவள் அவனுக்கு எத்தனையோ தடவை சொன்ன அதே குரலில், திட்டாமல், பொறுமையாகச் சொன்னான்.

அவள் காகிதத்தைக் கசக்கி எறிந்தாள்.

"ஆமா, போடுவான்" என்றாள். "பட்டன் போடுவான், எண்ணுவான், தண்ணி குடுப்பான். எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. பட்டனுக்கு ஆறு வருஷம், தண்ணிக்கு ஒன்பது வருஷம். உங்க ஆளுங்க யாரும் வந்து சொல்லிக் குடுக்கல. நீங்க எழுதிக்கங்க, அவனால முடியும். முடியாதது எனக்கு. எனக்கு எழுபத்தொண்ணு. நெஞ்சு எப்ப வேணா நிக்கும்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. என்னோட மார்க்கு எந்தக் கட்டத்துல இருக்கு? காட்டுங்க."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க கோபம் புரியுதும்மா. ஆனா படிவம் விண்ணப்பதாரரோட தேவையைத்தான் அளக்குது. இந்த வருஷம் இந்த மாவட்டத்துக்கு வந்த நிதிக்குப் பன்னிரண்டு இடம். காத்திருக்கிறவங்க நானூறு பேர். நான் யாரைத் தள்ளி யாரைச் சேக்கறது?"

"அப்ப எனக்கு ஏதாவது ஆனா?"

"அது அவசரப் பிரிவு. பராமரிப்பாளர் இல்லாத நிலைன்னு வரும். மதிப்பெண்ணே பாக்க மாட்டோம், அன்னிக்கே ஏதாவது ஏற்பாடு பண்ணணும்னு விதி இருக்கு."

"இல்லாத நிலைன்னா? செத்தாத்தானா?"

தலைவி மேசையைப் பார்த்தார். "செத்தாலும்தான். இல்ல, விட்டுட்டுப் போயிட்டாலும்."

"நான் செத்தா அதை இவன் வந்து உங்ககிட்ட சொல்லுவானா? போர்வையை இழுத்து மூடிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பான். யார் மணி அடிச்சாலும் திறக்க மாட்டான். எத்தனையாவது நாள் உங்க அவசரப் பிரிவு எங்க வீட்டுக்கு வரும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாயிற்று, ஆனால் அங்கே யாரும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. இடப்பக்கத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது.

அப்போதுதான் அது அவளுக்குத் தோன்றியது. செத்தாலும்தான், விட்டுட்டுப் போயிட்டாலும். இரண்டில் ஒன்று அவள் கையில் இருந்தது.

எழுந்தாள். துரையின் தோளில் கை வைத்தாள். "இங்கேயே உக்காந்திரு கண்ணு. அம்மா வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது" என்றாள். தலைவியைப் பார்த்து, "நான் விட்டுட்டுப் போயிட்டேன். எழுதிக்கங்க" என்றாள். அறையை விட்டு நடந்தாள். "அம்மா, நில்லுங்க" என்று பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து வழிவிட்டது.

எதிர்ச்சாரியில் பேருந்து நிறுத்தம். அதன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேருந்துகள் வந்தன, போயின, ஏறச் சொல்லி நடத்துனர்கள் பார்த்தார்கள். அவள் அலுவலக வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்து நான்கு வருடத்தில் அவனை யாரிடமும் இப்படி விட்டதில்லை. அழுகிறானா? தலையை மோதுகிறானா? சுவருக்கும் தலைக்கும் நடுவே அங்கே யார் கை வைப்பார்கள்? மோதினால் அவர்களுக்குப் புரியும் என்று ஒரு மனம் சொன்னது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இந்த நினைப்பை எனக்குள் கொண்டு வந்து வைத்தவர்கள் நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்ற மாணவி நகர்ந்து நின்றாள்.

ஒரு மணி நேரம் தாண்டியது. இரண்டு மணி நேரமும் தாண்டியது. வண்டி எதுவும் வரவில்லை, யாரும் ஓடி வரவில்லை. கல்லைக் கிணற்றில் போட்ட மாதிரி இருந்தது. அவள் எதை வேண்டுமானாலும் தாங்கியிருப்பாள், ஆனால் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. காலையில் கிளம்பும்போது போனவன், அதற்குப் பிறகு பாத்ரூம் போகவில்லை. அந்நியர்களிடம் கேட்க மாட்டான்.

அவ்வளவுதான். தெருவைக் கடந்து ஓடினாள். அந்த வயதில், அந்த நெஞ்சோடு.

துரை அதே அறையில், அதே நாற்காலியில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். இரண்டு தொடைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து. அவளைப் பார்த்ததும், "எழுந்திரிக்கல" என்றான். அவள் முதலில் அவனை பாத்ரூமுக்குக் கூட்டிப் போனாள். கதவுக்கு வெளியே நின்று அழுதாள்.

திரும்பி வந்தபோது தலைவி தனியாக இருந்தார். மற்ற இருவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"நீங்க வந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியும்மா. அதான் அவசரப் பிரிவுக்குத் தகவல் குடுக்காம வெச்சிருந்தேன். நீங்க கவலைப்படவே வேண்டாம். ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம், ஒரு தொந்தரவும் இல்ல. அடுத்த ரெண்டு குடும்பத்தை இங்கேயே விசாரிச்சோம், அப்பவும் அசையல. தங்கமான பிள்ளை."

சொல்லிக்கொண்டே படிவத்தை இழுத்தார். "தனியாக விட்டால் எவ்வளவு நேரம் பாதுகாப்பாக இருப்பார்" என்ற கட்டத்தில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்று நேர்மையாக எழுதினார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். முப்பத்து நான்கு இருபத்தொன்பதாயிற்று.

தையல்காரம்மா அந்த எண்ணைப் பார்த்தாள். உட்கார், எழுந்திரிக்காதே என்று சொன்னது அவள்தான். விட்டுவிட்டுப் போகும்போதுகூட அவளுக்குப் பிள்ளையை ஒழுங்காகத்தான் விட்டுவிட்டுப் போகத் தெரிந்திருந்தது.

"நான் திரும்பி வந்தேனே, அதுக்குக் கட்டம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா. கடைசிக் கேள்வி." தலைவி பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பராமரிப்பைத் தொடர விருப்பம்: ஆம், இல்லை. "நீங்க வந்துட்டதால ஆம்னு போட்டுடறேன். விருப்பம் இருக்கிறவங்களுக்கு இடம் கொஞ்சம் பின்னாடிதான் வரும், ஆனா அதுதானே உண்மை."

பேனா முனை கட்டத்தைத் தொடும் முன் தையல்காரம்மா அதைப் பிடுங்கினாள். தலைவி அதிர்ந்து கையை இழுத்துக்கொண்டார். ஆம் என்பதையும் இல்லை என்பதையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். கீழே, காலியாக இருந்த இடத்தில், "வேற ஆள் இல்லை" என்று எழுதினாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள், வயதையும் போட்டாள்.

"அப்படி எழுதக் கூடாதும்மா. ரெண்டுல ஒண்ணுதான் டிக் பண்ணணும். இல்லன்னா படிவம் செல்லாது."

"செல்லாதுன்னே அனுப்புங்க" என்றாள் தையல்காரம்மா. "உங்களுக்கு மேல இருக்கிறவங்க யாராவது ஒருத்தர் அதைப் படிச்சுட்டுத்தானே செல்லாதுன்னு சொல்லணும்."

பேனாவை மேசை மேல் வைத்தாள். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே வந்து, வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றத் தாய்மார், தகப்பன்மார் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, தான் என்ன எழுதினாள் என்று சொன்னாள். முதல் வரிசையில் இருந்த ஒரு தகப்பன் தன் படிவத்தை மடியில் விரித்து, கடைசிப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.